மலை நகரத்துக்குக் கிளம்புகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

மலை நகரங்களுக்குக் குடும்பத்தோடு போவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில், திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டோம். எந்த ஊர் என்பதைக் காட்டிலும் எவ்வளவு உயரம் என்பதுதான் பல பதில்களை மாற்றுகிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

எழுபது வயது மாமனார், மூன்று வயதுக் குழந்தை, நாங்கள் இருவர். எவ்வளவு உயரம் வரை பயமில்லாமல் போகலாம்?

ஊரின் உயரத்தைப் பாருங்கள். குறிப்பாக, இரவு தூங்கப்போகும் இடத்தின் உயரத்தை. 1,500 மீட்டருக்குக் கீழே உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதற்கு மேல் 2,500 வரை படியேறினால் மூச்சு வாங்கும், முதல் நாள் இரவு தூக்கம் கொஞ்சம் கெடும், அவ்வளவுதான். 2,500-ஐத் தாண்டினால், ஆக்சிஜன் குறைவால் தலைவலி, குமட்டல் என்று வரும் உயர நோயைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

சிம்லாவும் டார்ஜிலிங்கும் 2,000 மீட்டரை ஒட்டியும் சற்று மேலேயும் இருப்பவை. லடாக்கின் லே 3,500. பொலிவியாவின் லா பாஸ் 3,600-ஐ ஒட்டியது; அந்த ஊருக்கான விமான நிலையமோ 4,000 மீட்டருக்கும் மேலே எல் ஆல்டோவில் இருக்கிறது. இத்தனையையும் ‘மலை நகரம்’ என்ற ஒரே பெயரால் சொல்வதால்தான் குழப்பம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு, 3,500-ல் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது அந்த அளவுக்குக் குறையும்.

மூன்று வயதுக் குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. காரணமில்லாத அழுகை, சாப்பிட மறுப்பது, விளையாட்டில் நாட்டமில்லாமல் சுருண்டு படுப்பது இவைதான் அடையாளம். பயணக் களைப்பிலும் இவையே வரும் என்பதால் பிரித்தறிவது கஷ்டம். உங்கள் குடும்பத்துக்கு 2,500-க்குக் கீழே உள்ள ஊரே சரி.

கடைவீதியிலிருந்து 400 மீட்டர் என்று போட்டிருந்த விடுதியைப் பதிவு செய்துவிட்டோம். அம்மாவுக்கு மூட்டுவலி. தரைத்தள அறை கேட்டால் போதுமா?

தரைத்தளம் என்று கேட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சரிவில் கட்டிய கட்டடத்துக்குச் சாலை பெரும்பாலும் மேலே இருக்கும். வண்டியிலிருந்து இறங்கி நுழையும் வரவேற்பறை மூன்றாவது மாடியாக இருக்கலாம். அங்கே ‘தரைத்தளம்’ என்றால் மூன்று மாடி கீழே இறங்க வேண்டும், காலைச் சாப்பாட்டுக்கு மறுபடி ஏற வேண்டும். ஆகவே சாலை மட்டத்தில் உள்ள அறை என்று கேளுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக் கதவு வரை மொத்தம் எத்தனை படி, லிப்ட் இருந்தால் அது எல்லாத் தளத்திலும் நிற்குமா என்றும் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ‘கொஞ்சம்தான் இருக்கும்’ என்ற பதிலை ஏற்காதீர்கள், எண்ணிக்கை வேண்டும்.

அந்த 400 மீட்டரும் பெரும்பாலும் வரைபடத்தில் கோடு போட்டு அளந்ததாகத்தான் இருக்கும். அதற்குள் 60 மீட்டர் உயர வித்தியாசம் ஒளிந்திருக்கலாம். அது இருபது மாடிக்குச் சமம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: சமதளத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். ஆரோக்கியமான கால்களுக்கே 400 மீட்டர் நடக்க ஐந்து நிமிடம், 60 மீட்டர் ஏற இன்னொரு ஆறு நிமிடம். மூட்டுவலிக்காரருக்கு இரண்டு மடங்கு என்று வையுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலை அதிகம் படுத்தும். திரும்பி வரும் வழி சுலபம் என்று நினைக்க வேண்டாம். கைபேசி வரைபடத்தில் நிலத்தோற்ற அடுக்கைப் போட்டால் சமஉயரக் கோடுகள் தெரியும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து.

இன்னும் இரண்டு விஷயம். ‘பள்ளத்தாக்குக் காட்சி’ அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வெறும் காட்சிக்காக மட்டுமல்ல. மலைப்பக்க அறைகளின், அதிலும் கீழ்த்தளங்களில், பின்சுவர் மண்ணை ஒட்டியிருக்கும். ஓதம் ஏறி, போர்வைகூட ஈரவாடை அடிக்கும். இழுப்பு உள்ளவர்களுக்கு அந்த அறை ஆகாது. அடுத்தது தண்ணீர். சீசன் உச்சம் பெரும்பாலும் ஊற்றுகள் வற்றும் கோடையிலேயே வருகிறது. 2018 கோடையில் சிம்லாவே தண்ணீரில்லாமல் தவித்தது. தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும், வெந்நீர் எந்த நேரத்தில் என்று முன்பே கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

விமானத்தில் நேராக லே போய் இறங்குகிறோம், மொத்தம் ஐந்து நாள். கணவர் மாரத்தான் ஓடுபவர், தனக்கு ஒன்றும் வராது என்கிறார். மாத்திரை தேவையா?

மாரத்தான் ஓடுவதற்கும் உயர நோய்க்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் தெம்பாக இருப்பவர்கள்தான் இறங்கிய அன்றே ஊர் சுற்றக் கிளம்பி, ராத்திரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். இறங்கியவுடன் ஒன்றும் தெரியாது, அதுதான் ஏமாற்றுவது. 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தலைசுற்றல் வரும். 2,500-க்கு மேலே போய் அன்றே தலைவலி வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது உயர நோய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள் ஊருக்குள்ளேயே, மெதுவாக. மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். இரண்டும் இரவில் மூச்சை மந்தப்படுத்தும். தண்ணீர் வழக்கத்தைவிடச் சற்று அதிகம் போதும். ஐந்து லிட்டர் குடித்தால் நோய் வராது என்பது கட்டுக்கதை.

3,000 மீட்டருக்கு மேல் பொதுவான விதி இது: தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஒரு நாள் தங்குங்கள். பகலில் ஏறி, இரவுக்கு இறங்கி வருவது வேறு. மேலேயே தூங்குவது வேறு. 5,300 மீட்டரைத் தாண்டிய கர்துங் லா கணவாயில் படம் எடுத்துக்கொண்டு அரை மணிக்குள் இறங்கி, லேவை விடத் தாழ்வாக இருக்கும் நுப்ரா பள்ளத்தாக்கில் தூங்குவது ஒத்துவரும். 4,200 மீட்டரை ஒட்டிய பாங்காங் ஏரிக்கரையில் மூன்றாம் நாளே கூடாரம் போட்டுத் தூங்குவதுதான் சிக்கல். ஐந்தே நாள் என்றால் ஏரியில் இரவு தங்குவதை விட்டுவிடுங்கள். பெரு நாட்டில் 3,400 மீட்டரில் இருக்கும் குஸ்கோவுக்குப் போகிறவர்கள்கூட முதல் இரண்டு இரவை அதைவிடத் தாழ்ந்த உருபம்பா பள்ளத்தாக்கில் கழித்துவிட்டு நகரத்துக்கு ஏறுவது வழக்கம்.

மாத்திரையைப் பொறுத்தவரை: நேராக 3,500-ல் இறங்குகிறவர்களுக்கு டாக்டர்கள் எழுதித் தருவது அசிட்டசோலமைடு. தடுப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மி.கி., காலை, மாலை. கிளம்புவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். சல்பா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. விரல் நுனி மரத்து ஊசி குத்துவதும், அடிக்கடி சிறுநீர் போவதும், சோடா வகைகள் சப்பென்று ஆவதும் இந்த மருந்தால் வருபவை, பயப்பட வேண்டாம். ஊரிலேயே இரண்டு வேளை போட்டுப் பார்த்து, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

எப்போது இறங்கியே ஆக வேண்டும்? பாதியில் யாராவது தடுமாறினால், தரையில் ஒரு நேர்கோட்டில் குதிகாலும் பெருவிரலும் ஒட்ட ஒட்ட பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சு குழறினால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, விடாத இருமல், நுரையோ இளஞ்சிவப்போ கலந்த சளி என்றால் நுரையீரலில். இரண்டுக்கும் காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனை, ஆக்சிஜன், வழி இருந்தால் 300 முதல் 1,000 மீட்டர் வரை இறக்கம்.

கடைகளில் விற்கும் ஆக்சிஜன் டப்பா நாலைந்து வாங்கிப் போகலாமா?

மனத் தைரியத்துக்கு ஆகும். உள்ளே இருப்பது சில லிட்டர் வாயுதான். மருத்துவமனையில் நோயாளிக்கு அந்த அளவை இரண்டு மூன்று நிமிடத்தில் கொடுத்துத் தீர்த்துவிடுவார்கள். அதை நம்பி இறங்குவதைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. விமானத்திலும் ஏற்ற விட மாட்டார்கள்.

எட்டு வயது மகள் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுகிறாள். வயிற்றைக் காலியாக வைத்துக் கூட்டிப் போகலாமா?

காலி வயிறு குமட்டலைக் கூட்டும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு எண்ணெயில்லாத லேசான சாப்பாடு, அரை வயிறு. பாலும் பழச்சாறும் வேண்டாம்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘திரும்புகிறோம்’ என்கிறது. கைபேசியைப் பார்க்கும் கண் ‘எதுவும் அசையவில்லை’ என்கிறது. இந்த முரண்தான் குமட்டல். ஆகவே தூரத்துச் சாலையைக் கண் பார்க்க வேண்டும். பின்சீட்டு நடுவில், எதிரே தெரியும் இடத்தில், அதற்குரிய பெல்ட்டோடு உட்கார வையுங்கள். பக்கக் கண்ணாடி வழியாக ஓடும் மரங்களைப் பார்ப்பது நிலைமையை மோசமாக்கும். தலையைச் சீட்டில் சாய்த்து அசையாமல் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கண்ணாடியை இறக்கிக் காற்று விடுங்கள், காருக்குள் வாசனைத் திரவியம் வேண்டாம்.

மாத்திரை கொடுப்பதென்றால் குமட்டல் வந்த பிறகு பயனில்லை. முதல் வளைவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே. வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவை டாக்டரிடம் கேளுங்கள். இந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைக்கும். வண்டி ஓட்டுகிறவர் போடவே கூடாது. அதைவிட முக்கியம், ஓட்டுகிறவர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் ஒரே சீராகத் திருப்புவது. பல குழந்தைகளுக்கு வாந்தி வருவதே அப்பாக்களின் காலால்தான்.

ஆட்டோமேட்டிக் கார். மலையிலிருந்து இறங்கும்போது தீய்ந்த வாடை வந்து பிரேக் பிடிப்பு குறைந்தது. கார் பழுதா, ஓட்டுவதில் தப்பா?

ஓட்டுவதில்தான். 1,500 கிலோ எடையுள்ள கார் 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றலை முழுதும் வெப்பமாக்கினால் எழுபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதில் பெரும்பகுதியை நான்கு பிரேக்குகளின் தலையில் கட்டினால் வாடை வராமல் என்ன செய்யும்? அந்த வேலையை இன்ஜினுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அந்தக் கியரில் இறங்க வேண்டும். இது பழைய லாரிக்காரர்களின் விதி, இன்றும் செல்லும். ஆட்டோமேட்டிக்கில் ‘டி’யிலேயே விட்டால் கியர் பெட்டி தானாக மேல் கியருக்குப் போய், வண்டி விட்டுப் பிடித்து ஓடும். ‘எல்’, ‘2’, ‘எஸ்’ அல்லது கையால் மாற்றும் ‘எம்’, எது இருக்கிறதோ அதில் போடுங்கள். இன்ஜின் 3,000 சுற்றில் உறுமினால் பதற வேண்டாம், அந்த உறுமல்தான் உங்களுக்கு பிரேக். நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பது தப்புக் கணக்கு. இன்றைய இன்ஜின்களில் கியரில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரில் கால் இல்லாவிட்டால், எரிபொருள் முழுதாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் செலவாகும்.

பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே வராதீர்கள். வேகம் கூடியதும் அழுத்தமாக ஒரு மிதி, பிறகு முழுதாக விடுவிப்பு. அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும்.

பிடிப்பு குறைவது இரண்டு விதம். மிதி கெட்டியாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை என்றால் பேடு சூடேறி வழுக்குகிறது. மிதி பஞ்சுபோல் இறங்கித் தரையைத் தொட்டால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழ் விட்டிருக்கிறது. இரண்டாவது மோசமானது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கிவிடலாம். ஆயில் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மலைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

வாடை வந்தால் அகலமான, சமமான இடத்தில் ஒதுக்கி அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் கோணிவிடும். கொதிக்கும் பிரேக்கில் ஹேண்ட் பிரேக்கை இறுக்காதீர்கள். ‘பி’யில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி வையுங்கள்.

குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கே முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும், ஏனென்றால் சரிவில் நின்ற வண்டியை மறுபடி ஏற்றுவதுதான் கடினம். கொண்டை ஊசி வளைவில் பேருந்துக்கு முழு அகலமும் தேவைப்படும். வளைவுக்குள் மூக்கை நுழைக்காமல் முன்னாலேயே நில்லுங்கள். மேகம் இறங்கினால் ஹை பீம் வேண்டாம், வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணில்தான் அடிக்கும்.

டயர் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்களே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம். 2,000 மீட்டரில் வெளிக்காற்று அழுத்தம் குறைவதால் மானி 3 பிஎஸ்ஐ போலக் கூட்டிக் காட்டும். மேலே 15 டிகிரி குளிரானால் அதில் பாதிக்கு மேல் இறங்கிவிடும். சரிக்குச் சரி.

மின்சாரக் காரில் போகலாமா?

தாராளமாக. 1,800 கிலோ வண்டி 2,000 மீட்டர் ஏற, சமதள ஓட்டச் செலவுக்கு மேல் 10, 11 யூனிட் தனியாக வையுங்கள். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பி வரும். ஆனால் மேலே 100 சதவீதம் சார்ஜ் செய்துகொண்டு கிளம்பினால் பேட்டரியில் இடம் இருக்காது. வேகத்தைக் குறைத்தபடி பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் மீள்சக்தி பிரேக் மந்தமாகி, வேலை முழுதும் சாதாரண பிரேக்குக்குப் போய்விடும். 80 சதவீதத்தில் இறங்கத் தொடங்குங்கள்.

வானிலைச் செயலி இரவு 4 டிகிரி என்றது. காலையில் கார் மேல் உறைபனி! செயலி தப்பா?

இல்லை. செயலி சொல்வது தரைக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் மேலே உள்ள காற்றின் வெப்பம். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் புல்லும் கார்க் கூரையும் வானத்துக்கு வெப்பத்தை விட்டுவிட்டு அதைவிட நாலைந்து டிகிரி கீழே போகும். அதோடு, குளிர்ந்த காற்று கனமானது; சரிவில் வழிந்து பள்ளத்தில் குளம்போலத் தேங்கும். ஏரிக்கரை, ஓடைக்கரை விடுதியைவிட நடுச்சரிவில் உள்ள விடுதி அதிகாலையில் கதகதப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பகல் குளிரை மதிப்பிட 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி என்று கழியுங்கள். கீழே 35 என்றால் 2,000 மீட்டரில் 22 போல. அதை நம்பி அரைக்கைச் சட்டையோடு போய், ஐந்து மணிக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் நடுங்குவார்கள். ஒரே கனமான ஸ்வெட்டரைவிட மூன்று அடுக்கு நல்லது: உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை, நடுவில் கம்பளியோ பிளீஸோ, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சும், காயவும் காயாது. ஜீன்ஸ் அதில் முதல் எதிரி. ஆளுக்கு மூன்று ஜோடி காலுறை.

குளிருக்குப் பயந்து வெயிலை மறந்துவிடுகிறார்கள். 1,000 மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், அதுவும் கீழிருந்து. தொப்பி தடுக்காது, மூக்கின் அடிப்பக்கம்கூட வெந்துபோகும். பனியுள்ள இடத்தில் குழந்தைக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

அறையில் ஹீட்டர் இல்லை, கரி அடுப்பு வைத்துத் தருகிறோம் என்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாமா?

படுக்காதீர்கள். எழுந்திருக்காமல் போய்விடலாம். கனன்றுகொண்டிருக்கும் கரி, புகையே இல்லாமல் கார்பன் மோனாக்சைடு விடும். வாடை கிடையாது, கண் எரியாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜன்னலை விரல் அகலம் திறந்து வைத்தால் போதும் என்பதும் உத்தரவாதம் இல்லை. அடுப்பு வெளியே, உள்ளே கூடுதல் கம்பளியும் வெந்நீர்ப் பையும்.

குளியலறைக்குள்ளேயே மாட்டியிருக்கும் காஸ் கீசரும் இதே கதை. புகைக்குழாய் வெளியே போகிறதா, ஜன்னல் திறக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாளியில் பிடித்துக்கொண்டு, அணைத்துவிட்டு, பிறகு குளியுங்கள்.

மலையில் இது இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்றதும் உயர நோய் என்று நினைத்துப் போர்த்திப் படுத்துவிடுவார்கள். 1,800 மீட்டரில், ஒரே அறையில் தூங்கிய எல்லோருக்கும் காலையில் ஒன்றாகத் தலை வலித்தால் முதலில் எல்லோரும் வெளிக்காற்றுக்கு வாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை நம்பாதீர்கள். அதற்குக் கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜன் போலவே தெரியும், 98 என்று காட்டிக்கொண்டிருக்கும்.

அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். சென்ற மாதம் விழித்திரை அறுவை சிகிச்சையும் நடந்தது. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

இரண்டாவதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். விழித்திரை அறுவையில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைத்திருப்பார்கள். மேலே போகப் போக வெளியழுத்தம் குறைந்து அந்தக் குமிழ் விரியும். கண்ணழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். விமானத்துக்கு மட்டும்தான் தடை என்று நினைத்துக் காரில் மலையேறுகிறார்கள்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வாயுவின் வகையைப் பொறுத்துக் கரைய இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் ஆகும். அறுவை செய்த டாக்டர் குமிழ் முழுதாகக் கரைந்தது என்று சொல்லும் வரை பயணம் வேண்டாம்.

இன்சுலின் உறையக் கூடாது. உறைந்து உருகியதைக் கொட்டிவிட வேண்டியதுதான், பார்க்க நன்றாக இருந்தாலும். இரவு காரில் விடாமல், வெளியே போகும்போது உள்சட்டைப் பையில் வையுங்கள். சர்க்கரை மானியும் கடுங்குளிரில் தப்புக் காட்டும் அல்லது வேலை செய்ய மறுக்கும். அறைக்குள் வந்து பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஏற்றத்தில் நடந்தால் சர்க்கரை வழக்கத்தைவிட வேகமாக இறங்கும், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். இதய நோய், நுரையீரல் அடைப்பு நோய், அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் 2,000 மீட்டருக்கே டாக்டரைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

கைக்குழந்தைக்குக் காது வலிக்குமா?

ஏறும்போதைவிட இறங்கும்போது. இறக்கத்தில் தூங்க விடாமல் பாலோ தண்ணீரோ குடிக்க வையுங்கள், விழுங்கும்போது காது திறக்கும். மூக்கடைப்பு இருந்தால் வழியில் இரண்டு முறை நிறுத்தி இறங்குங்கள்.

காட்சி முனைக்குப் போகும்போதெல்லாம் வெறும் மேகம்தான். எந்த நேரம் சரி?

விடிந்ததிலிருந்து ஒன்பது, பத்து மணி வரை. வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, பள்ளத்தாக்குக் காற்று ஈரத்தோடு மேலே ஏறி, குளிர்ந்து மேகமாகும். மதியம் பார்க்கும் வெள்ளைச் சுவர் அதுதான். ஆகவே காட்சி முனைகள் காலையில். பூங்கா, அருங்காட்சியகம், கடைவீதி மதியத்தில். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஊரைக் குறை சொல்கிறார்கள். பிற்பகலில் இடி கேட்டால் முகட்டையும் தனி மரத்தையும் விட்டு இறங்குங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள்.

சமைக்கும் வசதியுள்ள வீடு எடுத்திருக்கிறோம். பருப்பு வேகவே மாட்டேன் என்கிறதாமே?

2,000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், 3,500-ல் 88. எவ்வளவு தீ கூட்டினாலும் சூடு ஏறாது. குக்கர் கொண்டு போங்கள். அதிலும் 2,000 மீட்டரில் உள்ளே 121-க்குப் பதில் 117 போலத்தான் இருக்கும். வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள், முந்தைய இரவே ஊற வைத்துவிடுங்கள்.

மூன்று நாள் விடுமுறை. வரைபடத்தில் நான்கு மணி நேரம் என்கிறது. மூன்றாம் நாள் மாலை விமானத்தைப் பிடித்துவிடலாம் அல்லவா?

அந்த நான்கு மணி நேரம் வாந்தி, தேநீர், லாரி, கழிப்பறை எதையும் அறியாதது. மலைப்பகுதிக்கு மணிக்கு 20 முதல் 25 கி.மீ. என்று தனியாகக் கணக்குப் போட்டு, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு சேருங்கள். நீண்ட விடுமுறையின் கடைசி நாள் பிற்பகலில் எல்லோரும் ஒரே சாலையில் இறங்குவார்கள். அன்று இரண்டு மடங்கும் ஆகும். ரயில் இருந்தால் நேரம் தெரிந்து ஏறுங்கள்: கால்கா–சிம்லா பாதை 96 கி.மீ.தான், ஆனால் ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். சில ஊர்களில் கார் ஊருக்குள்ளேயே வராது. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குப் போகிறவர்கள் முந்தைய ஊரான டேஷில் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டும். நுழைவு அனுமதி, வாகனக் கட்டுப்பாடு உண்டா என்பதை அறை பதிவு செய்யும் முன் பார்த்துவிடுங்கள்.

மழைக்காலமென்றால், இரண்டு நாள் தொடர்ந்து பெய்த பிறகுதான் சரிவுகள் அதிகம் சரியும், வெயில் அடித்தாலும். சாலையில் புதிதாகச் சிறு கற்கள் உருண்டு கிடந்தால், ஓடைத் தண்ணீர் திடீரென்று சேறாக மாறினால் அங்கே நிறுத்திப் படம் எடுக்காமல் கடந்து போங்கள் அல்லது திரும்புங்கள். வண்டியில் தண்ணீர், பிஸ்கட், போர்வை, முக்கால் டேங்க் எரிபொருள் இருக்கட்டும்.

விமானத்தை நான்காம் நாள் காலைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாதென்றால் மூன்றாம் நாள் ஊர் சுற்றுவதை விட்டுவிட்டு, காலை ஏழு மணிக்கு இறங்கத் தொடங்கி, மிச்ச நேரத்தை அடிவாரத்தில் கழியுங்கள்.